இது கடல் அட்டை இல்லை

இலங்கையின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிற ஒரு சின்ன உயிர் எங்கள் கடலில் இருக்கிறது. கறுப்பு உடம்பு. முதுகில் நீளவாக்கில் ஓடுகிற ரோஸ் நிற மேடுகள், வயலுக்கு வரம்பு கட்டின மாதிரி. பெரும்பாலும் ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஓடு இல்லை, முள் இல்லை, ஓடித் தப்பவும் தெரியாது. விஞ்ஞானப் பெயர் பிலிடியெல்லா செய்லானிக்கா. 'செய்லானிக்கா' என்றால் வேறொன்றும் இல்லை, 'சிலோனைச் சேர்ந்தது' எண்டு லத்தீனில் சொல்லுறதுதான்.

சரி, தமிழில் இதற்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்தைப் பொதுவாக 'சீ ஸ்லக்' என்பார்கள். அதைத் தமிழாக்கப் போனால் அடிக்கடி கையில் வருவது 'கடல் அட்டை'. எங்கள் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இது கடல் அட்டை இல்லை. இதைக் கடல் அட்டை எண்டு எழுதுறதை நிப்பாட்ட வேணும். வெறும் சொல் பிரச்சினைக்கு ஏன் இவ்வளவு எழுப்பம் எண்டு கேட்கலாம். ஒரு உயிருக்கு இன்னொரு உயிரின் பெயரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதென்றால், அந்த இரண்டில் ஒன்றை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததே இல்லை என்றுதான் அர்த்தம்.

விலை இருந்தால் பெயர் இருக்கும்

கடல் அட்டையை எல்லாருக்கும் தெரியும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சிக் கரையிலும் பிடித்து, அவித்து, காயவைத்துச் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புகிற பண்டம். 2021இல் பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் சீன முதலீட்டோடு வந்த அட்டைப் பண்ணை செய்தியானபோது, கடலே பார்க்காத ஆக்களும் கடல் அட்டை பற்றிக் கதைத்தார்கள். அந்தப் பண்ணைகளால் தங்கள் தொழில் போகுது எண்டு வடக்கு மீனவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விசயம்.

உயிரியலில் கடல் அட்டை வேறு கணம். அது நட்சத்திர மீனின் சொந்தக்காரர், எக்கைனோடேர்மேற்றா. நாங்கள் சொல்லுற ஆள் மொலஸ்கா. நத்தைக்குச் சொந்தம், சிப்பிக்குச் சொந்தம், வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கி உறைப்பாய்க் கறி வைக்கிற கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு ஒரு குட்டி ஓடுகூட இருக்கும். வளரும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் உடம்போடு வாழத் தொடங்கிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தமிழர் மட்டும் உண்டாக்கவில்லை. காலனிய காலத்து ஆங்கில வியாபாரிகள் காயவைத்த கடல் அட்டையையும் 'சீ ஸ்லக்' என்றே எழுதினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சரக்கின் பெயர். அதே ஆங்கிலச் சொல் பிறகு விஞ்ஞானத்தில் வேறு உயிருக்கு நிலைத்தது. அதைத் திருப்பித் தமிழுக்குக் கொண்டுவரும்போது பழைய சரக்கின் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் கடல் உயிர்களின் பெயர்களில் ஒரு ஒழுங்கு தெரியும். சங்கு, முத்துச்சிப்பி, இறால், சிங்கி இறால், கணவாய். கடல் அட்டைக்குள்ளேயே வெள்ளை அட்டை, நூல் அட்டை எண்டு வகை வகையாகப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை இருப்பதால்தான் ஒவ்வொரு பெயர். விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது, குத்தவும் கடிக்கவும் மாட்டாது என்கிற உயிருக்கு எங்கள் எழுத்துத் தமிழில் பெயர் இல்லை. பிலிடியெல்லா செய்லானிக்கா அந்த வரிசையில் நிற்கிறது.

அப்பிடி என்னதான் இருக்கு அதில?

முதலில் நிறம். கறுப்பும் ரோஸும் அழகுக்காகப் போட்ட உடுப்பு இல்லை. 'என்னைத் தொடாதே' என்கிற அறிவிப்பு. இந்த உயிர் கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்கிறது. நத்தைகளின் வாயில் அரம் மாதிரி ஒரு பல்பட்டை இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு அதுகூட இல்லை. பஞ்சின்மேல் சமிபாட்டுச் சாற்றை விட்டு, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கிறது. கஞ்சி குடிக்கிற பொக்கை வாய்க் கிழவி மாதிரி. ஆனால் அந்தப் பஞ்சுகள் நஞ்சு நிறைந்தவை. வேறு யாரும் வாய் வைக்க மாட்டார்கள். இது அந்த நஞ்சையே எடுத்துத் தன் தோலில் சேமித்து வைத்துக்கொள்கிறது. யாராவது தொந்தரவு பண்ணினால் சளியோடு வெளியே விடும்.

இதன் நெருங்கிய சொந்தமான பிலிடியா வாரிகோசா நஞ்சு கக்குகிறது என்பதை 1963இல் ஹவாயில் இருந்து எழுதினார்கள். அதை மீன்களோடு ஒரே தொட்டியில் போட்டால் மீன்கள் செத்துப்போகும். 1970களில் அந்த நஞ்சு என்ன இரசாயனம், எந்தப் பஞ்சில் இருந்து வருகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அதாவது பல்லில்லாத, ஓடில்லாத, ஓடத் தெரியாத ஒரு உயிர், அடுத்தவனின் ஆயுதத்தைச் சாப்பிட்டுத் தன்னுடைய ஆயுதமாக்கிப் பகல் வெளிச்சத்தில் பாறைக்கு மேலே ஆறுதலாக ஊர்ந்து திரிகிறது.

இந்த அறிவிப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுறம். தட்டைப்புழு இனங்கள் சில இந்தக் குடும்பத்தின் நிறத்தை அப்படியே கொப்பி அடித்துத் தப்பி வாழ்கின்றன. அதைவிட முக்கியமான இன்னொரு ஆள், பியர்சனோதூரியா கிராஃபெய் என்கிற கடல் அட்டை இனம். அதன் குஞ்சுகள் சின்ன வயதில் பிலிடியா மாதிரியே வேசம் போட்டுக்கொண்டு திரிகின்றன. வளர்ந்த பிறகுதான் சொந்த நிறத்துக்கு வருகின்றன. அட்டைக்கே தெரியும், தான் வேறு இவர் வேறு எண்டு. தெரியாதது எங்கள் தமிழாக்கத்துக்குத்தான்.

இவ்வளவு நிறம் இருந்தும் அதுக்குத் தன் நிறம் தெரியாது. இந்தக் கூட்டத்தின் கண்கள் வெளிச்சமா இருட்டா என்பதை மட்டும் பிரித்தறியும். தலையில் இரண்டு சின்னக் கொம்பு. அவற்றால்தான் தண்ணீரில் கரைந்து வரும் வாசனையை மோப்பம் பிடித்து, தின்னப் பஞ்சு எங்கே, சோடி எங்கே என்று போகிறது. சோடி என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஆணும்தான் பெண்ணும்தான். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே முட்டை இடலாம். முட்டைகளை ரிபன் மாதிரிச் சுருட்டி ஒட்டிவிட்டுப் போகும்.

பேர் வைச்ச டொக்டர்

செய்லானிக்காவை 1859இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தியவர் எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1819இல் இலங்கையில் பிறந்த, ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர். எடின்பரோவில் படித்தவர். பிரிட்டிஷ் இராணுவ மருத்துவ சேவையில் இருந்துகொண்டே இந்தத் தீவின் விலங்குகளைப் பற்றி 1852இல் ஒரு புத்தகம் போட்டவர். பிறகு திருகோணமலையில் இருந்த நாட்களில் அவருடைய கண் இந்த ஓடில்லாத நத்தைகளில் விழுந்தது. 1858இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். அடுத்த வருசம் லண்டன் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க இந்தியப் பெருங்கடல் பற்றிய கையேடுகளில் அவர் வைத்த பெயர்கள் நிற்கின்றன.

வெள்ளை உடம்பில் செம்மஞ்சள் புள்ளி போட்ட ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா அவருடையது. பெயரிலேயே சிலோன். சாதுவான முகம், ஆனால் தொழில் தன் இனத்தவரையே தின்பது. கடல் முயல் எனப்படும் சொந்தங்களைத்தான் பிடித்து விழுங்கும். வெள்ளையில் கறுப்பு வட்டம் வட்டமாகப் போட்ட ஜொருன்னா பியூனெப்ரிஸும் அவருடையது. 'பியூனெப்ரிஸ்' என்றால் செத்தவீட்டுக்குரியது. அந்தக் கறுப்பு வெள்ளையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்தச் செத்தவீட்டுக்காரரிடம் இருந்து 2000ஆம் ஆண்டில் ஜொருமைசின் என்கிற இரசாயனத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் சக்தி அதற்கு இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்ய ஒரு புது வழியும் கண்டுபிடித்தார்கள்.

கெலார்ட்டின் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது வேறு இடம். 1857இல் இருந்து அரசாங்கம் அவரை மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராயச் சொன்னது. முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்கு வருமானம். சிப்பி ஏன் ஒரு வருசம் இருக்கிறது, அடுத்த வருசம் காணாமல் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் அறிக்கைகள் எழுதினார். ஆனால் ஒரு சதத்துக்கும் விற்க முடியாத இந்த வெறும் உடம்பு நத்தைகளையும் அதே ஆண்டுகளில் அதே அக்கறையோடு பார்த்து விபரித்தார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் செத்துப்போனார். அப்போது வயது நாற்பது.

அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது எங்கள் நோக்கம் இல்லை. அவர் வைத்த பெயர்களைப் பாருங்கோ. ஒரு நத்தைக்குத் திருகோணமலைப் பாதிரியார் கிளெனியின் பெயர். இன்னொன்றுக்குக் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயர். திருகோணமலைக் கடலில் இருக்கிற நத்தைக்குத் திருகோணமலை மீனவரின் பெயர் ஏறவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. இந்த நத்தைகளைச் சாராயத்தில் போட்டால் கொஞ்ச நாளில் நிறம் போய்விடும் என்பதால் வரைந்து வைத்த படங்கள்தான் முக்கியம். கெலார்ட்டின் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கிற ஹான்கொக் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1906இல் அவற்றை எடுத்து வைத்துத் தென்னிந்திய, இலங்கை நத்தைகள் பற்றி எழுதியவர் சார்ள்ஸ் எலியட். இந்து, பௌத்த சமயங்கள் பற்றி மூன்று பாகப் புத்தகம் போட்ட அதே இராஜதந்திரி. எங்கள் கடலின் நிறம் இப்படி நியூகாசில் வரைக்கும் போய்விட்டது. வெள்ளவத்தைக்குள் இன்னும் வரவில்லை.

கடல் பார்த்த வீடு

வெள்ளவத்தையில் வீடு தேடின எல்லாருக்கும் இது தெரியும். கடல் பக்கம் பல்கனி இருந்தால் ஒரு விலை, காலி வீதிப் பக்கம் இருந்தால் வேறு விலை. கடலைப் பார்ப்பதற்கு நாங்கள் காசு கொடுக்கிறம். ஆனால் பார்க்கிறது மேல்தோலை மட்டும். பின்னேரத்தில் மரைன் டிரைவில் நடை, கைக்குள் கடலைச் சரை, தண்டவாளத்துக்கு அங்காலை பொழுது படுவதை ஒரு போட்டோ, முடிஞ்சுது. தண்டவாளத்துக்கும் தண்ணிக்கும் நடுவில் இருக்கிற பாறைகளில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிஞ்சு பார்த்த ஆக்கள் எத்தனை பேர்?

கொட்டாஞ்சேனையில் கதை இன்னும் மோசம். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் துறைமுகம். உயரத்தில் நின்று பார்த்தால் கிரேன் தெரியும், கொள்கலன் தெரியும். கடலைத் தொட வேண்டும் என்றால் முகத்துவாரத்துக்கோ காக்கைதீவுக்கோ போக வேண்டும். அங்கே களனி கங்கை நகரத்தின் குப்பையையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுகிறது. தெற்கே 2014இல் தொடங்கின போர்ட் சிட்டி 269 ஹெக்டேயர் கடலை நிலமாக்கிவிட்டது. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டே வருகிறது.

இதில் எங்கள் சனத்துக்கு மட்டும் உரிய பயமும் இருக்கிறது. வடக்கு கிழக்கில் வளர்ந்த பெற்றோருக்குக் கடல் என்றால் நேவி, பாஸ், தடை செய்யப்பட்ட வலயம். 2004க்குப் பிறகு கடல் என்றால் சுனாமி. கொழும்புக்கு வந்த பிறகும் அந்தப் பயம் பெட்டிக்குள் வந்துவிட்டது. 'கடலுக்குள்ள இறங்காத' என்கிற வார்த்தை கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்களுக்குள் குறைவு. பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். நீச்சல் தெரியாமலேயே ஏ.எல். உயிரியல் படித்து, மொலஸ்கா கணத்தின் இயல்புகளைப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் கணத்தின் உயிருள்ள பிரதிநிதி ஒன்று பக்கத்துக் கடலில் இருக்கிறது என்பது வினாத்தாளில் வராது.

பெற்றோரின் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. அது அனுபவித்தவர்களின் பயம். ஆனால் அது எங்களுக்குச் சொத்தாக வர வேண்டியதில்லை. கடலுக்குள் இருக்கிறதைப் பார்க்கிற உரிமை சுற்றுலாப் பயணிக்கும் டைவிங் பழகக் காசு உள்ளவருக்கும் மட்டும் போய்விட்டால், நாங்கள் தீவில் இருந்துகொண்டே கரைவாசிகள் இல்லாமல் ஆகிவிடுவோம்.

முத்து என்று பெயர் வைத்த கப்பல்

2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள். அதில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகளும். அந்த வெள்ளை மணிகள் மேற்குக் கரை முழுக்க மணலோடு மணலாகக் கலந்தன. இன்னும் சில இடங்களில் மணலைக் கிளறினால் வரும்.

பிறகு கணக்கு வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட ஆமைகள், டொல்பின்கள், திமிங்கிலங்கள் செத்துக் கரை ஒதுங்கின. மீனவர்கள் தொழில் இழந்தார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 1 பில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. மீனவர்களின் கைக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் ஆமை கரை ஒதுங்கும். அதற்கு உடல் இருக்கிறது, ஓடு இருக்கிறது, எண்ணலாம். வெறும் உடம்பு நத்தை செத்தால் கரைந்துபோகும். மீன் விலகி ஓடும். இது ஓடாது. தான் தின்கிற பஞ்சு இருக்கிற பாறையை விட்டு எங்கே போவது? கரைக்கு வராத சாவை எண்ண வேண்டும் என்றால், அது முதலில் அங்கே உயிரோடு இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். போட்டோ, இடம், திகதி, பெயர். முன்னுக்கு எழுதப்படாதது பிறகு இழப்பு என்று கணக்கில் வராது. 1998இலும் 2016இலும் கடல் சூடாகி எங்கள் பவளப்பாறைகள் வெளிறிப்போனபோது பவளத்துக்குக் கணக்கு எழுத ஆய்வாளர்கள் இருந்தார்கள். அந்தப் பவளத்துக்குள் ஒளிந்திருந்த சின்ன உயிர்கள் பெரும்பாலும் சொல்லாமலே போயிருக்கும்.

இப்ப இதெல்லாம் தேவையா?

தேவையா என்று கேட்கிறவர்களுக்கு நியாயம் இருக்கிறது. 2022க்குப் பிறகு வீட்டு வாடகை, சாமான் விலை, வேலை, வெளிநாடு போறதா நிக்கிறதா என்கிற கேள்வி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் இன்னும் தெருவோரத்தில் இருக்கிறார்கள். இதுக்குள்ள ஒரு நத்தைக்குப் பெயர் இல்லை என்று ஒரு கட்டுரையா?

இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. மனிசரின் இழப்பு வேறு. ஆனால் பெயரும் எண்ணிக்கையும் ஏன் முக்கியம் என்பதை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. பட்டியலில் இல்லாதது நடக்காததாகவே ஆக்கப்படும் என்று தெரிந்த சனம் நாங்கள். அந்த அறிவு எங்களோடு மட்டும் நின்றுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

இன்னொரு பதிலும் சொல்வார்கள்: 'இதில இருந்து மருந்து வரும், அதுக்காகப் பாதுகாக்க வேணும்.' ஜொருமைசின் பற்றி மேலே எழுதினோம். கடல் முயலின் நரம்பு மண்டலத்தை வைத்து ஞாபகம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த எரிக் காண்டெலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை. ஆனால் இந்த வாதத்தை மட்டும் பிடித்துத் தொங்க எங்களுக்கு விருப்பம் இல்லை. அது திரும்பவும் பழைய கணக்குத்தான். விலை இருந்தால் பெயர், மருந்து இருந்தால் மரியாதை. மருந்து தராத நத்தை என்ன பாவம் செய்தது?

அப்ப என்ன பெயர்?

பெயரை அறைக்குள் இருந்து உருவாக்குவது எங்களுக்குப் பிடிக்காத வேலை. கலைச்சொல் அகராதியில் உருவாகி அங்கேயே செத்துப்போன சொற்கள் எத்தனையோ. ஆனாலும் கதை தொடங்க ஒரு சொல் வேண்டும்.

இந்தக் கூட்டத்தின் விஞ்ஞானப் பெயருக்கு அர்த்தம் 'மூடாத செவிள்'. எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மீனின் செவிளுக்கு என்ன சொல் என்று ஞாபகம் இருக்கா? பூ. அதை மூடுகிற மூடிக்குப் பூமூடி. மீன் தன் பூவை மூடி வைத்திருக்கிறது. இந்த நத்தைகளில் பல தங்கள் பூவை மூடாமல் முதுகில் விரித்து வைத்திருக்கின்றன. ஜொருன்னாவின் போட்டோவைத் தேடிப் பாருங்கோ, முதுகின் பின்பக்கத்தில் உண்மையாகவே ஒரு பூ விரிந்த மாதிரி இருக்கும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். செய்லானிக்கா மட்டும் கொஞ்சம் வெட்கம், தன் பூவை உடம்பின் கீழ் ஓரத்தில் மறைத்து வைத்திருக்கிறது.

ஆகவே எங்கள் முன்மொழிவு: பூநத்தை. சொல்ல லேசு, பார்த்தால் விளங்கும், எந்தச் சரக்கின் பெயரும் இல்லை. செய்லானிக்காவுக்கு வரம்புப் பூநத்தை என்று வைக்கலாம்.

ஆனால் இதற்கு மேல் ஒரு நிபந்தனை. முகத்துவாரத்தில் வலை தட்டுகிற ஐயாவிடமோ, மன்னாரில் அட்டைக்குச் சுழியோடுகிற அண்ணாவிடமோ, திருகோணமலையில் மட்டி பொறுக்குகிற அக்காவிடமோ போட்டோவைக் காட்டி, 'இதுக்கு நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?' என்று கேட்க வேண்டும். வலையில் வந்ததைத் தூக்கித் திரும்ப எறியும்போது வாயில் ஒரு சொல் வந்திருக்கும். எழுத்தில் ஏறாத சொற்கள் கரையில் உயிரோடு இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் பெயர்.

வெள்ளவத்தைக் கடலில் குதியுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கத்துக் கடல் யாரையும் மதிக்காது. கால்வாய் வந்து விழுகிற இடத்தில் தண்ணியும் நல்லதில்லை. ஆனால் நீச்சல் பழகலாம். கடல் அமைதியான மாதங்களில், வத்துக் கடலில், தெரிந்த ஒருவரோடு பாறை ஓரம் போய்ப் பார்க்கலாம். லீவுக்குத் திருகோணமலை போனால் நிலாவெளிக்கு எதிரில் இருக்கிற புறாத்தீவில் செல்ஃபி எடுத்து முடிந்த பிறகு பத்து நிமிசம் முகமூடி போட்டுத் தண்ணிக்குள் பார்க்கலாம். பவளத்தில் மிதிக்காமல், கல்லைப் புரட்டாமல், கையில் தூக்காமல். போட்டோ எடுத்து, இடமும் திகதியும் போட்டு, ஐ-நேச்சரலிஸ்ட் மாதிரி ஒரு பொதுப் பதிவில் ஏற்றலாம். உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் மொலஸ்கா பாடத்தில் ஒரே ஒரு உள்ளூர்ப் படத்தைக் காட்டலாம். பாடத்தில் படம் காட்டக் காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களிடமும் மொழிபெயர்க்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'சீ ஸ்லக்' என்று வந்தால் கை தானாகக் கடல் அட்டை என்று அடிக்கும். ஒரு நிமிசம் நில்லுங்கோ. படத்தைப் பாருங்கோ. அட்டைக்கு அட்டையின் பெயர் இருக்கட்டும்.

உங்கள் ஊர்க் கரையில் இதற்கு வேறு பெயர் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கோ. சொன்னவர் எந்த ஊர், எந்தக் கடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. அந்தச் சொல் வந்த அன்றைக்கே எங்கள் 'பூநத்தை'யை நாங்கள் சந்தோசமாக வாபஸ் வாங்குறம்.